சான்று கேட்ட ஆசான்

நம் சங்கத் திங்களிதழில், மறைந்த சரித்திர ஆசிரியர் ஒருவரைக் குறித்து யான் ஓர் உரை வரைதல் வேண்டுமென நிர்வாகத்தார் பணித்தனர். திண்டுக்கல் நகரத்துப் பள்ளியொன்றில் நெடுங்காலம் சரித்திரம் கற்பித்தும், மாலை வேளைகளில் மாணவர்க்குச் சடுகுடு பயிற்றியும் வாழ்ந்து, சென்ற ஆண்டு இயற்கை எய்திய அப்பெரியாரை நம்மவருள் அறியாதார் சிலரே. நம் இல்லங்கள் பலவற்றில் தந்தையும் மகனும் அவரிடமே பயின்றவர்கள். அவர் தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர். ஆதலின் யானும் அதனை எழுதாது, மாணவராகிய நாம் அழைத்த வண்ணம் 'ஐயா' என்றே இங்குக் குறிப்பேன்.

தம்மை எவரேனும் புகழப் புகுந்தால் ஐயா கூறும் விடை ஒன்றே: "என்னைப் பேசாதீர்கள், பண்டாரத்தாரைப் படியுங்கள்." ஆகவே அவரைக் குறித்து எழுதுவோன், அவர் தம் ஆசானாகக் கொண்டிருந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவர்களைக் குறித்தும் எழுதுதல் கடனாகின்றது. பண்டாரத்தாரை ஐயா நேரிற் கண்டவரல்லர். நூல் வழியே கண்டவர். எனினும் நூல் வழி வந்த ஆசிரியரும் ஆசிரியரே அன்றோ?

ஐயாவிடம் யான் பயின்றது இற்றைக்குச் சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகட்கு முன்னர். சடுகுடு ஆடும் பிள்ளைகளின் கால் உரம் பெறுதற்பொருட்டு அவர் எங்களை மலைக்கோட்டைப் பாறையிற் படியேறி ஓடச் செய்வார். உச்சியிற் சென்று மூச்சு வாங்கி அமர்ந்தபின், வகுப்பிற் கேட்பதுபோலவே கேள்வி தொடங்கும். "இக்கோட்டையைக் கட்டியவர் யாவர்?" என்பார். நாங்கள் ஒருவாய்ப்படத் "திப்பு சுல்தான்" என்போம். அவர் நகைத்து, "திப்புவின் தந்தை ஐதர் அலி இவ்வூர்க்குப் பௌஜ்தாராக வந்ததே 1755இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே, மதுரை நாயக்கர் காலத்தில் இங்குக் கோட்டை எழுந்துவிட்டது. 1790இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கற் சீமை அவர்க்கு உரியதாயிற்று. கடைசியாகக் குடியிருந்தவனே வீட்டைக் கட்டினவன் என்று சொல்லலாமா?" என்பார். அன்று தொட்டு அக்கோட்டையைத் திப்புவின் கோட்டை என்று எவரேனும் கூறக் கேட்டால், இன்றும் என் கால்களில் அப்படிகளின் நோவு தோன்றும்.

சடுகுடு ஆட்டத்திலும் அவர் கற்பித்தது இதுவே. பாடிச் சென்றவன் எதிரியைத் தொட்டானா இல்லையா என்பது நடுவர்க்குத் தெரியாமற் போகலாம். தொட்டவனுக்கும் தொடப்பட்டவனுக்கும் தெரியாமற் போகாது. ஒருகால் பிற பள்ளியோடு நிகழ்ந்த ஆட்டத்தில், நடுவர் காணாவிடத்துத் தொடப்பட்ட எம் தோழன் ஒருவன் தானே எழுந்து வெளியே சென்றான். அன்று ஒரு புள்ளியில் தோற்றோம். நாங்கள் அவனோடு பேசாது திரும்பினோம். ஐயாவோ, வழியெல்லாம் அவன் தோள்மீது கையிட்டே நடந்து வந்தார். மறுவாண்டு அவனையே எங்களுக்குத் தலைவனாகவும் ஆக்கினார். "தொடாததைத் தொட்டேன் என்பவன் வளர்ந்தால், நடவாததை நடந்தது என்று எழுதுவான்" என்பது அவர் வாக்கு. ஆட்டக்களத்தையும் சரித்திர வகுப்பையும் அவர் வேறாகக் கருதியதில்லை.

இனி என் பிழையொன்றைக் கூறுவேன். ஒன்பதாம் வகுப்பில் 'நம் முன்னோர்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு ஐயா பணித்தார். எங்கள் வீட்டுப் பெட்டியில், நம் குலப்பெருமை கூறும் சிறு புத்தகம் ஒன்று இருந்தது. அதனைப் பார்த்து, நம் முன்னோர் பாண்டியரோடு சரியாசனத்தில் வீற்றிருந்தனர் என்றும், நாற்பத்தெட்டு ஊர்களை ஆண்டனர் என்றும் அழகிய சொற்களால் நான்கு பக்கம் நிரப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த ஏட்டில் மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் சிவப்பு மையில் 'சான்று?' என்ற ஒரு சொல்லே இருந்தது. சினத்தோடு சென்று, "ஐயா, இஃது அச்சிட்ட புத்தகத்தில் உள்ளது" என்றேன். "அச்சிட்டவர்க்கு எங்கிருந்து வந்தது, தம்பி? அதைக் கேட்டுக்கொண்டு வா" என்றார். யான் கேட்டுச் சென்றவிடமெல்லாம் அதற்கு விடையில்லை. ஒரு வாரம் கழித்து ஐயா பழுப்பேறிய நூல் ஒன்றை இரவலாக என் கையில் தந்தார். அதுவே பண்டாரத்தார் இயற்றிய 'பாண்டியர் வரலாறு'.

சதாசிவ பண்டாரத்தார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்திற் பிறந்தவர். வலம்புரி அ. பாலசுப்பிரமணிய பிள்ளையவர்களிடம் தமிழ் பயின்றவர். 1917 முதல் 1942 வரை, கால் நூற்றாண்டு, கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராய் விளங்கினார். 1930இல் 'முதற் குலோத்துங்க சோழன்', 1940இல் 'பாண்டியர் வரலாறு' ஆகிய இரண்டும், பகலெல்லாம் பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த அக்காலத்தே அவர் இயற்றியவை. பின்னர் 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழாராய்ச்சித் துறைக்குச் சென்றார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்னும் பெருநூலின் முதற்பகுதி 1949இலும், இரண்டாம் பகுதி 1951இலும் வெளிவந்தன. 1960ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார். அந்நூலின் மூன்றாம் பகுதி அவர் மறைந்தபின் 1961இல் வெளியாயிற்று.

அவர் காலத்தில், பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் பாண்டியர் குறித்து 1929இலும், சோழர் குறித்து 1935, 1937ஆம் ஆண்டுகளிலும் ஆங்கிலத்திற் பெருநூல்கள் வெளியிட்டிருந்தனர். ஆங்கிலம் கற்றார் அவற்றாற் பயன் பெற்றனர். ஆயின் சோழன் ஏரி வெட்டிய ஊரிலேயே உழுது வாழும் குடியானவனுக்கும், கோயிற் சுவரின் நிழலில் அமர்ந்து திண்ணைப் பேச்சுப் பேசும் முதியோனுக்கும், அச்சுவரில் யாது எழுதியுள்ளது என்பதை அவன் மொழியிற் கூறுவார் மிகச் சிலரே. அக்குறையைப் போக்கியவருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இப்பள்ளித் தமிழாசிரியர்.

அவர் கையாண்ட முறை யாது? கல்வெட்டே அதன் அடிப்படை. நம் நாட்டிற் கல்வெட்டுக்களை முறையாகப் படியெடுக்கும் பணி, 1886இல் ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக அமர்ந்தபின் ஓங்கியது. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மீது ஒட்டி, தூரிகையால் அடித்து, எழுத்துக் குழிகளில் தாள் படிந்தபின் மேலே மை ஒற்றுவர். தாள் கருக, எழுத்துக்கள் வெள்ளையாய் நிற்கும். இதனை மைப்படி என்பர். இங்ஙனம் எடுத்த படிகள் ஆயிரக்கணக்கானவை.

ஆயின் எழுத்தைப் படித்த அளவிற் சரித்திரம் தோன்றிவிடாது. சோழர் ஒருவர்பின் ஒருவராக இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைப் புனைந்தனர். கல்லொன்றில் 'கோப்பரகேசரிக்கு யாண்டு ஐந்து' என்று மட்டும் இருப்பின், அவன் எந்தப் பரகேசரி? பாண்டியர்க்கும் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்கள் மாறி மாறி வந்தன. ஆட்சியாண்டு தெரியும், அரசன் இன்னான் என்பது தெரியாது. மெய்க்கீர்த்தி, எழுத்தின் வடிவு, கல்லிற் குறித்த அதிகாரிகளின் பெயர், நாளும் கோளும் ஆகிய யாவற்றையும் ஒன்றோடொன்று வைத்து நோக்கியே துணிதல் வேண்டும். பொறுமையில்லார்க்கு இத்துறையில் இடமில்லை.

இம்முறை எத்தகையது என்பதை ஐயா எங்கட்கு நூலிற் காட்டியதோடு நில்லாது, நம் மாவட்டத்து மலையொன்றிலேயே காட்டினார். பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டியை அடுத்து ஐவர்மலை என்றொரு குன்றுண்டு. பாண்டவர் ஐவர் தங்கியதால் அப்பெயர் வந்ததென அங்குள்ளோர் கூறுவர். ஒரு விடுமுறை நாளில் எங்களை அழைத்துச் சென்று, பாறையின் நெற்றியில் வரிசையாய்ச் செதுக்கப்பெற்ற சமண தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காட்டினார். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு அவ்விடத்தைத் திருவயிரை என்கின்றது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக்குரவர் என்பார், அங்கிருந்த பார்சுவநாதர் உருவையும் இயக்கியர் உருக்களையும் புதுக்கிப் பொற்காணம் வைத்துக் கொடுத்த செய்தி அதிற் காணப்படுகின்றது. யான் ஏமாற்றமடைந்து, "அப்படியானால் பாண்டவர் கதை பொய்யா, ஐயா?" என்றேன். "கதை கதையாக இருக்கட்டும், தம்பி. அதைச் சொல்லிய பாட்டியைப் பொய்யள் என்று சொல்லாதே. ஆனால் கல் சொல்வதைக் கதைக்காக மாற்றாதே" என்றார்.

பின்னர் எங்களை நிழலில் அமர்த்திக் கணக்கொன்று தந்தார். அக்கல்வெட்டிற் சக ஆண்டு 792 என்றும், அது வரகுணனுக்கு எட்டாம் யாண்டு என்றும் உள்ளது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும். 792ஓடு 78 கூட்ட 870. அது எட்டாம் ஆண்டாயின் முதலாண்டு எது? நாங்கள் விரல்விட்டு எண்ணி, "862 அல்லது 863" என்றோம். ஐயாவின் முகத்தில் அன்று தோன்றிய மகிழ்ச்சியை யான் மறந்தேனல்லேன். "இடைக்காலப் பாண்டியர் காலக்கணக்கு முழுவதற்கும் ஆணியாய் நிற்பது இவ்வொரு கல்லே. பெரிய பெரிய அறிஞர்கள் செய்த கணக்கை நீங்கள் இப்போது செய்துவிட்டீர்கள்" என்றார். சக ஆண்டையும் ஆட்சியாண்டையும் ஒருங்கே கூறும் கல்லொன்று இல்லையேல், வரகுணன் இன்ன காலத்தவன் என ஐயமின்றிக் கூறுதல் அரிது.

அதன் தொடர்ச்சி பண்டாரத்தாரின் ஊரிலே உள்ளது. ஐவர்மலைக் கல்லிற் பெயர் பொறித்த அதே இரண்டாம் வரகுண பாண்டியன்தான், 880ஆம் ஆண்டை ஒட்டிச் சோணாட்டின்மீது படையெடுத்துத் திருப்புறம்பயத்திற் பொருதவன். பல்லவ அபராசிதவர்மனும், கங்க மன்னன் முதற் பிரிதிவீபதியும், ஆதித்த சோழனும் ஒருபுறம் நின்றனர். பிரிதிவீபதி களத்தில் உயிர் நீத்தான். எனினும் பாண்டியன் தோற்றான். பிரிதிவீபதியின் வீரமரணத்தை உதயேந்திரம் செப்பேடு கூறுகின்றது. அப்போரே சோழர் மீண்டும் தலையெடுத்தற்கு வழி வகுத்தது. பின்னாளிற் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' என்னும் புதினத்தைப் படித்தோர், திருப்புறம்பயத்துப் பள்ளிப்படையை அறிவர்.

அப்போர்க்களத்து மண்ணிற் பிறந்த பண்டாரத்தார்க்குத் தம் ஊரின் மீதும் சோணாட்டின் மீதும் பற்றில்லாமற் போகுமா? திருப்புறம்பயத்திற்குத் தனியே தல வரலாறு எழுதிய அளவிற்கு அவர்க்கு ஊர்ப்பற்று இருந்தது. ஆயினும் வென்ற சோழனைப் போற்றும் ஆர்வத்தால் தோற்ற பாண்டியனைக் குறைத்துக் கூறினாரல்லர். பாண்டியர்க்கும் தனி நூல் செய்தார். சான்று நிற்கும் வரையிற் சென்று, சான்று நின்றவிடத்துத் தாமும் நின்றார். பற்றும் நேர்மையும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே வாழலாம் என்பதற்கு அவரே சான்று. ஐயா அவரை எங்கட்குக் காட்டியதும் இதன்பொருட்டே என்பது எனக்குப் பின்னாளில் விளங்கிற்று. என் குலப்பற்றை அவர் ஒருபோதும் பழித்தவரல்லர்; அதற்குக் கால் ஊன்ற ஒரு தரை வேண்டுமென்றே விரும்பினார்.

நிற்க. கற்றதனைத்தும் கைக்கொண்டேனோ எனின், இல்லை. சில ஆண்டுகட்கு முன்னர் எங்கள் குலதெய்வக் கோயிலிற் திருப்பணி நிகழ்ந்தது. பணிக்குழுவில் யானும் ஒருவன். பழைய முன்மண்டபத்தைப் பிரித்தபோது, ஒரு தூணின் அடியில் எழுத்துப் பொறித்த கல்லொன்று வெளிப்பட்டது. குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று, கொத்தனார் காத்திருந்தார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யானே கூறினேன். கல், எழுத்துப் பக்கம் கீழாகத் தளத்தில் இடப்பட்டு, மேலே சுண்ணமும் சிமெண்டும் பூசப்பட்டன. குடமுழுக்கிற்கு வந்திருந்த ஐயாவிடம், பெருமையாக எண்ணியே இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "படி எடுத்தீர்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஒரு புகைப்படமேனும் எடுத்தோமில்லை. அவர் என்னைக் கடிந்தாரில்லை. விபூதி பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார். ஏட்டின் ஓரத்துச் சிவப்பு மையைக் காட்டிலும் அந்த மௌனம் எனக்குச் சுட்டது.

அக்கல் யாது கூறிற்று? நம் முன்னோர் அக்கோயிற்கு நிலம் விட்ட செய்தியோ, விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியோ, நம்மோடு யாதொரு தொடர்புமில்லாத பிறர் செய்தியோ, ஒருவரும் அறியோம். சிறுவயதில் யான் சான்றின்றிப் பெருமை எழுதினேன். வளர்ந்தபின் கைக்கு வந்த சான்றை மண்ணிற் புதைத்தேன். இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். பழம்பெருமை பேசுதற்கு நமக்கு நேரமிருக்கின்றது. அதனை அறிதற்கு நேரமில்லை.

ஐயாவை யான் இறுதியாகக் கண்டது அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது. அக்கல்லைப் பற்றி யானே பேச்செடுத்து, மன்னிப்பு வேண்டினேன். அவர் என் கையைப் பற்றி, "தளம் என்றைக்காவது பிரிக்கப்படும். அப்போது யார் இருக்கிறார்களோ அவர்களுக்குச் சொல்லி வை; இன்ன இடத்தில் கல் இருக்கிறது என்று எழுதி வை" என்றார். அவ்வாறே அது கிடக்கும் இடத்தை, கருவறை வாயிலிலிருந்து அடிக்கணக்கிட்டுக் குறித்துக் கோயிற் கணக்குப் புத்தகத்தில் எழுதி, என் கையொப்பமும் இட்டுள்ளேன். என் பிழையும் அதில் எழுதப்பட்டுள்ளது.

அன்பர்காள்! ஐயாவிற்கு நினைவுமலர் வெளியிடவும், படத்திறப்பு நிகழ்த்தவும் நம் சங்கத்தார் எண்ணியுள்ளனர். அவை நிகழட்டும். அவற்றொடு, அவர் உள்ளம் உவக்கும் பணிகள் மூன்றை நம் இல்லத்தார் யாவரும் மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

முதலாவது, நம்மவர் முன்னின்று நடத்தும் திருப்பணி எதுவாயினும், சுவரையோ தூணையோ பிரிக்கும் முன்னர் எழுத்துண்டா என நோக்கி, உளதாயின் படம் எடுத்து, தொல்லியல் துறையார்க்கு அறிவித்தபின்னரே கல்லை அசைத்தல் வேண்டும். எழுத்துள்ள சுவரின்மீது சுண்ணம் அடித்தலும், மணல் வீசித் தேய்த்தலும் கூடா. இரண்டாவது, பரண்மீதும் பெட்டியிலும் கிடக்கும் பழைய கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், மொய்க் கணக்கு, ஓலைச்சுவடி, கடைப் பேரேடு ஆகியவற்றைக் குப்பையென எறியாது காத்தல் வேண்டும். அரசர் சரித்திரம் கல்லிலும் செப்பிலும் உள்ளது. நம்போன்ற குடிகளின் சரித்திரம் அப்பெட்டிகளிலே உள்ளது. மூன்றாவது, இவ்விதழுக்கு நம் ஊர் வரலாறும் குல வரலாறும் எழுதுவோர், ஒவ்வொரு செய்திக்கும் அஃது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். பாட்டி சொன்னதாயின் பாட்டி சொன்னது என்றே எழுதுக; அதில் இழுக்கில்லை.

இங்ஙனம் எழுதப் புகின், நம் பெருமை சிறிது குறையலாம். நாற்பத்தெட்டு ஊர் ஆண்டோம் என்பது போய், ஓர் ஊரிற் கிணறு வெட்டினோம் என்று முடியலாம். ஆயின் அக்கிணறு மெய்யாக இருக்கும். நம் பேரப்பிள்ளைகள் சென்று அதில் நீர் இறைத்துப் பார்க்கலாம்.

பண்டாரத்தார் மறைந்த மறுவாண்டு அவர் நூலின் இறுதிப்பகுதி வெளிவந்தது போல, ஐயா விட்டுச் சென்ற பாடத்தின் மிச்சமும் இனி நம் கையால் வெளிவரல் வேண்டும். தொடப்பட்டதை ஒப்புக்கொண்டு தானே எழுந்து சென்ற அந்தச் சிறுவனின் தோள்மீது கிடந்த அவர் கை, நம் யாவர் தோள்மீதும் கிடப்பதாக. அவர் புகழ் நீடு வாழ்க.